கைதேர்ந்தவர் போகுமுன் அவருடைய தொழிலறிவை வாங்கிவைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் தூள் மில், எண்ணெய்ச் செக்கு, பேக்கரி, நகைப்பட்டறை, ஹாட்வெயார் கடை என்று எதை எடுத்தாலும், அந்த இடம் ஓடுவது ஒன்றிரண்டு பேரின் கையில்தான். பதினைந்து இருபது வருடமாக அங்கேயே நிற்பார்கள். ஒரு நாள் மகன் ஸ்பொன்சர் செய்த விசா வரும். அல்லது கொழும்பில் கூடுதல் சம்பளத்துக்குக் கேட்பார்கள். அல்லது முழங்கால் இனி ஏலாது என்றுவிடும். இரண்டு கிழமையில் ஆள் போய்விடுவார். அவரோடு என்னென்ன போனது என்பது அடுத்த மாதம்தான் தெரியவரும்.

நான் வேலை செய்வது கறித்தூள் அரைத்துப் பொதிசெய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில். வறுவலைப் பார்த்த அண்ணை கனடாவுக்குப் போவது முடிவானதும், அவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கு மாற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கே தொடங்குவது, யாரிடம் கேட்பது, எவ்வளவு செலவாகும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. தட்டுத்தடுமாறித்தான் ஒவ்வொன்றையும் பிடித்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக ஒழுங்காக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் இருப்பது இரண்டு வகை அறிவு. ஒன்று வெளிப்படை அறிவு: விலைப்பட்டியல், சேர்மான அளவு, உரிமங்கள், வங்கி விவரம். எழுதலாம், போட்டோ எடுக்கலாம், ஆள் போனாலும் காகிதம் இருக்கும். மற்றது உள்ளுறை அறிவு: மல்லி வறுபட்டது மூக்குக்குத் தெரிவது, செத்தல் மிளகாயைக் கையில் எடுத்ததும் ஈரம் பிடிபடுவது, எந்தக் கடைக்காரருக்குக் கடன் கொடுக்கலாம் என்று கணிப்பது. பல நேரம் அது தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. முதலாவதைக் கேட்டு எழுதலாம். இரண்டாவதைப் பக்கத்தில் நின்றுதான் வாங்கவேண்டும். கீழே படிகள் இந்த ஒழுங்கில் வருவதும் அதனால்தான்.

1. யார் இல்லாவிட்டால் எது நிற்கும் என்று பாருங்கள்

ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்து, இடத்தில் நடக்கும் வேலைகளை எல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று பதில் வேண்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் யார்? அவர் ஒரு கிழமை வராவிட்டால் என்ன நடக்கும்? புது ஆள் ஒருவர் பழக எவ்வளவு காலம் பிடிக்கும்?

ஒரே ஆளுக்குத்தான் தெரியும், வேலை நிற்கும், பழக மாதக்கணக்காகும் என்று எந்த வரியில் வருகிறதோ அதுதான் முதலில். மற்றவை பொறுக்கும்.

இங்கே பலர் வறுப்பவரையும் மெஷின் பார்ப்பவரையும் மட்டும் எழுதுவார்கள். கல்லாவில் இருக்கும் அக்காவையும், சாமான் இறக்கும் லொறிச் சாரதியையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கடையில் காலையில் போனால் காசு கிடைக்கும், எங்கே பின்னேரம்தான் முதலாளி இருப்பார் என்பது சாரதிக்குத்தான் தெரியும்.

வயதையும் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். அந்த வயதை நெருங்கும்போது நிற்பதா போவதா என்ற யோசனை பலருக்கு வந்துவிடும். அதற்கு இரண்டு வருடம் முன்பே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

2. காகித வேலையை ஒரு கிழமைக்குள் முடியுங்கள்

இது சுலபமான பகுதி. அதனாலேயே இழுபடும். ஒரு ஃபைலில் இவை இருக்கவேண்டும்:

- வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ்
- மாநகர சபை அல்லது பிரதேச சபையின் வருடாந்த வியாபார உரிமம்
- உங்கள் தொழிலுக்குத் தேவையென்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம்
- உணவுத் தொழில் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கும் பதிவுகள், வேலையாட்களின் மருத்துவச் சான்றுகள்
- தராசுக்கு முத்திரை போட்ட சான்று
- சேமலாப நிதி, நம்பிக்கை நிதி கட்டிய பற்றுச்சீட்டுகள்
- மெஷின் வாங்கிய பில், பெல்ட், பெயாரிங், சல்லடை ஆகியவற்றின் அளவுகள்

உரிமங்கள் முடியும் திகதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், போனில். தம்புள்ளையிலிருந்து மிளகாய் அனுப்புகிறவரின் இலக்கமும், மெஷின் திருத்துகிறவரின் இலக்கமும், வாட்ஸப்பில் ஓடர் தரும் வாடிக்கையாளர்களும் அந்த அண்ணையின் சொந்த சிம்மில்தான் இருப்பார்கள். நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் எடுத்து, அவர் இருக்கும்போதே அவருடைய குரலிலேயே எல்லோருக்கும் புது இலக்கத்தைச் சொல்லவையுங்கள். ஆள் போன பிறகு நீங்கள் எடுத்தால், மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் அந்நியர்.

3. கேட்பதற்கு முன் கொடுக்கவேண்டியதைப் பேசி முடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நாலாவதுக்குப் போகாதீர்கள். இருபது வருடம் நெருப்புக்கு முன்னால் நின்று பழகியதை ஒருவர் ஏன் சும்மா தரவேண்டும்? எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டால் நாளைக்கே நிற்பாட்டிவிடுவார்களோ என்று அவர் பயப்படுவது நியாயம். அந்தப் பயம் இருக்கும்வரை அரைகுறையாகத்தான் சொல்வார். அவரில் பிழை இல்லை.

முதலில் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது கொடுக்கவேண்டிய மொத்தத் தொகை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, கடந்த 12 மாதத்தில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனம் என்றால், 5 வருடம் முடித்தவருக்கு இது உரிமை. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசிச் சம்பளத்தின் பாதியை வேலை செய்த வருடங்களால் பெருக்குங்கள். 60,000 ரூபா சம்பளம், 20 வருடம் என்றால் 6 இலட்சம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும். 15 பேருக்குக் குறைவான இடம் என்றால், ‘எங்களுக்கு இல்லை’ என்று நீங்களே தீர்மானிக்காமல் தொழில் திணைக்கள அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். தொகை எவ்வளவு, எப்போது கிடைக்கும் என்பதைக் கடிதமாக எழுதி அவரிடம் கொடுத்துவிட்டால், அன்றிலிருந்து பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

அடுத்தது, சொல்லிக்கொடுக்கும் வேலைக்குத் தனியாக ஒரு தொகை. சம்பளத்துக்குள் அடக்காதீர்கள். வறுத்துக்கொண்டே ஒருவருக்குக் காட்டிக்கொடுப்பது இரண்டு வேலை.

மூன்றாவது, அவருக்கும் ஒரு காகிதம் கிடைக்கவேண்டும். சான்றிதழ் இல்லாமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் தரும் வழி ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் ‘நைட்டா’ என்று சொல்லும் பயிற்சி அதிகார சபையில் விசாரிக்கலாம். அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டி, செய்முறையிலும் செய்துகாட்டவேண்டும். எல்லாத் தொழிலுக்கும் ஒரே நேரத்தில் மதிப்பீடு நடக்காது; ஆகவே முதல் மாதமே விண்ணப்பம் கேளுங்கள். சேவைக் கடிதம் நீங்கள் கொடுக்கவேண்டியது. வெளிநாடு போகிறவருக்கு இந்த இரண்டும் உதவும். அதோடு, சான்றுக்காக அவர் தன் வேலையைப் படிப்படியாகச் சொல்லிப் பழகுவது உங்களுக்கும் நல்லது.

4. பக்கத்தில் நில்லுங்கள், முதல் கிழமை எழுதவேண்டாம்

பேனையோடு போய் ‘அண்ணை, எப்படிச் செய்யிறீங்கள்?’ என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: ‘அது பதம் பார்த்துச் செய்யிறது தம்பி.’ மறைக்கவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் அதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்யமுடியாது.

ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் 1980களில் வீட்டில் பாண் சுடும் மெஷின் செய்தபோது இதே இடத்தில் தடக்குப்பட்டது. மெஷின் பிசைந்த மாவில் பாண் சரியாக வரவில்லை. எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் இகுகோ தனக்கா என்ற மென்பொருள் வடிவமைப்பாளர் ஓசாக்காவில் பெயர்பெற்ற ஹோட்டல் ஒன்றின் பாண் தயாரிப்பாளரிடம் போய்ப் பழகுநராக நின்றார். மாவை இழுக்கும்போது அவர் முறுக்கியும் இழுப்பதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, மெஷினுக்குள் அதற்கேற்ற அமைப்பைப் பொறியியலாளர்களோடு சேர்ந்து உருவாக்கினார். பேட்டி எடுத்திருந்தால் அந்த முறுக்கு வெளியே வந்திருக்காது. செய்கிறவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது.

ஆகவே முதல் கிழமை கையுதவியாக நில்லுங்கள். சாக்குத் தூக்குங்கள், சல்லடை பிடியுங்கள். கண் மட்டும் அவர் கையில் இருக்கட்டும். தாச்சியை எப்போது இறக்குகிறார், அதற்குச் சற்று முன் என்ன செய்தார்? மோந்தாரா, நெருப்பைக் குறைத்தாரா, மல்லியை நசித்தாரா?

இரண்டாம் கிழமை கேள்வியைத் தொடங்கலாம். ‘எப்படி’ என்று கேட்காமல் இப்படிக் கேளுங்கள்:

- எப்போது ஒரு தாச்சியை முழுக்கக் கொட்டியிருக்கிறீர்கள்? ஏன்?
- புதுப் பெடியன் செய்தால் முதலில் எங்கே பிழைவிடுவான்?
- மழைக்காலத்தில் எதை மாற்றுவீர்கள்?
- நேற்றையதும் இன்றையதும் ஒரே சரக்கா? என்ன வித்தியாசம்?
- இப்போது இறக்கினீர்களே, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்விதான் எங்களுக்கு அதிகம் தந்தது. அவர் இறக்கின அந்த நிமிடத்திலேயே கேட்கவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கேட்டால் மறந்திருப்பார். வெந்தயம் கொஞ்சம் கூட வறுபட்டால் முழுத் தூளும் கசக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாச்சி ஏற்கெனவே சூடேறி இருக்கிறதென்றால் வெந்தயத்தை நெருப்பில் வைத்து முடிக்கக் கூடாது, இறக்கிவைத்து அந்தச் சூட்டிலேயே கிண்டவேண்டும் என்பது இந்தக் கேள்வியால்தான் வந்தது. வறுத்ததை முழுக்க ஆறவிட்டுத்தான் அரைக்கிறார் என்பதைத் தினமும் பார்த்திருந்தோம். சூட்டோடு அரைத்துப் பொதிசெய்தால் பைக்குள் ஈரம் கட்டித் தூள் கட்டிபட்டுவிடும் என்ற காரணமும் அப்படித்தான் கிடைத்தது.

அப்புறம் அளவுகள். அவர் ‘ஒரு பிடி’ என்றால் வாதாடவேண்டாம். அவர் பிடியில் எடுப்பதை ஒவ்வொரு முறையும் தராசில் போட்டுக் குறித்துவாருங்கள். ஒரே எண் வராது. வரவும் கூடாது. ‘இதிலிருந்து இதுவரை’ என்று ஒரு எல்லை கிடைக்கும். எப்போது கூட்டினார், எப்போது குறைத்தார் என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். அந்தக் கூட்டல் குறைத்தலில்தான் அவருடைய தொழில் இருக்கிறது. தொடாமல் சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கினால் நல்லது. இறக்கும் நேரத்தில் தாச்சியின் சூட்டையும் போனில் நேரத்தையும் குறிக்கலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்பி மூக்கை விட்டுவிடாதீர்கள். ஈரமான சரக்கு வந்த அன்று அந்த எண் உதவாது.

5. மூன்று நிரல் தாள் செய்யுங்கள்

இப்போது எழுதலாம். ஒரு தாளில் மூன்று நிரல்: செய்யும் படி, கவனிக்கவேண்டியது, காரணம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புது ஆட்களை விரைவாகப் பழக்க வந்த முறையை ஒட்டியது இது. அந்த முறையைப் பிறகு டொயோட்டாவும் எடுத்துக்கொண்டது. எங்கள் தாளில் ஒரு வரி:

படி: செத்தல் மிளகாயை வறுத்தல். கவனிக்கவேண்டியது: தனியாக, சின்ன நெருப்பில்; ஆறியதும் ஒடித்தால் சட்டென்று முறியவேண்டும், நிறம் கறுக்கக் கூடாது. காரணம்: வளைந்தால் ஈரம் இருக்கிறது, மெஷினில் ஒட்டும், கறுத்தால் தூளின் நிறமும் மணமும் போகும்.

மூன்றாம் நிரலை வெறுமையாக விடாதீர்கள். காரணம் தெரியாதவர் அவசரத்தில் அந்தப் படியைத்தான் முதலில் விடுவார். ஒரு வேலைக்கு ஒரு தாள், ஒரு பக்கம் போதும். அண்ணை பேசும் சொல்லிலேயே எழுதுங்கள். உத்தியோகபூர்வத் தமிழில் எழுதினால் அடுப்படியில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். லமினேட் செய்து அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். லாச்சிக்குள் வைத்த தாளால் பிரயோசனம் இல்லை.

6. வீடியோ

எடுங்கள், ஆனால் மூன்று நிமிடத்துக்குமேல் வேண்டாம். கை தெரியவேண்டும், முகம் தேவையில்லை. அவருடைய சம்மதம் கேட்டு எடுங்கள். நாள் முழுக்க ஓடும் வீடியோவைப் பிறகு ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. மணமும் வீடியோவில் வராது.

7. பழகுநரைச் செய்யவிட்டு, அண்ணையைப் பார்க்கவையுங்கள்

தெரிந்தவர் செய்ய மற்றவர் பார்ப்பது பாதிதான். இடத்தை மாற்றுங்கள். பழகுநர் செய்யட்டும், ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும். அண்ணை பக்கத்தில் இருக்கட்டும். பிழை வரப்போகும் நேரம் அவர் தன்னையறியாமல் ‘பொறு பொறு’ என்பார். அந்த இடத்தைத் தாளில் சேருங்கள். தாளில் இல்லாதவை பெரும்பாலும் அப்போதுதான் வெளியே வரும்.

யாரைப் பழகுநராக வைப்பது? முதலாளியின் உறவுக்காரர் என்று வைக்காதீர்கள். அண்ணையோடு ஒத்துப்போகிறவரை வையுங்கள். முடிந்தால் இரண்டு பேரை. ஒருவரை மட்டும் பழக்கி அவருக்கும் விசா வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும்.

செலவுக் கணக்கு இப்படி வரும். பழகுநருக்கு 40,000 ரூபா சம்பளம் என்றால் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். ஆக மாதம் 46,000. மூன்று மாதம் இருவரும் சேர்ந்து நிற்க 138,000. அண்ணைக்குக் கொடுக்கும் தொகையும் பழகும்போது கெடும் சரக்கும் வேறு. முதலாளிமார் பலர் இந்த இடத்தில்தான் முகம் சுளிப்பார்கள். சரக்குச் சரியில்லாமல் வெளிநாட்டுக்குப் போன ஒரு பார்சல் திரும்பிவந்தால் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

மூன்று மாதம் என்பது குறைந்தபட்சம். ஐப்பசி கார்த்திகை மழையில் சரக்கின் ஈரம் வேறு, சித்திரை வெயிலில் வேறு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஊருக்கு வருகிறவர்களால் ஓடர் ஏறும். அந்த நெருக்கடியில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்பது தனி அறிவு. ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்து நிற்க முடிந்தால் அதற்கு நிகரில்லை. முடியாவிட்டால், ஒரு மழைக்காலமாவது உள்ளே வரும்படி திட்டமிடுங்கள்.

8. கடனும் கொள்வனவும்

இதற்கு மூன்று நிரல் தாள் சரிவராது. கூடவே போகவேண்டும்.

சுன்னாகம் சந்தைக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ அவர் போகும்போது பழகுநரும் போகட்டும். வாங்கியதை விட, அவர் தொட்டுப்பார்த்து வாங்காமல் விட்டதைப் பற்றிக் கேளுங்கள். ‘அந்தச் சாக்கை ஏன் விட்டீங்கள்?’ மேலே நல்லதும் அடியில் பழசும் போட்ட சாக்கை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது அப்போதுதான் தெரியும்.

கடன் கொப்பியை எடுத்துக்கொண்டு கல்லா அக்காவோடு இருங்கள். ஒவ்வொரு பெயராகப் போங்கள். கொப்பியில் இருப்பது தொகையும் திகதியும் மட்டும். இவர் வெங்காயம் விற்றதும் கட்டுவார், இவருக்கு வெளிநாட்டுக் காசு மாத முடிவில் வரும், இவரிடம் கடையில் ஆட்கள் நிற்கும்போது கேட்கக்கூடாது. இவையெல்லாம் அக்காவுக்குத்தான் தெரியும். குறியுங்கள். ஆனால் மற்றவர் வீட்டு நிலைமையை விரிவாக எழுதிவைக்காதீர்கள். ‘தைக்குப் பிறகு’, ‘நேரில் போகவும்’ என்ற அளவில் போதும். கொப்பி கைமாறினால் ஒருவருடைய மானம் போகும்.

பிறகு, வேலையை விடுகிறவர் புதியவரை நேரில் கூட்டிக்கொண்டுபோய் முக்கிய கடைகளில் அறிமுகம் செய்யவேண்டும். ‘இனி இவர்தான் வருவார்’ என்று அவர் வாயால் சொன்னால் அந்த நம்பிக்கையில் ஒரு பகுதியாவது கைமாறும்.

9. இரகசியம் காக்க ஒரு காகிதம்

சேர்மான அளவுகளை எழுதிய பிறகு அவை களவுபோகவும் கூடும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத தொழில் தகவலுக்கும் பாதுகாப்புத் தருகிறது. பதிவு தேவையில்லை. ஆனால் அதை இரகசியமாக வைக்க நீங்கள் நியாயமான முயற்சி எடுத்திருக்கவேண்டும். முழு அளவுத் தாளை இருவரிடம் மட்டும் கொடுங்கள், அடுப்படித் தாளில் அளவை எழுதாதீர்கள், வேலைக்கடிதத்தில் இரகசியம் பற்றி ஒரு பந்தி சேருங்கள். சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி எழுதுவது நல்லது. போகிறவர் தன் கைத்திறமையை வேறிடத்தில் பயன்படுத்துவதை இந்தக் காகிதத்தால் தடுக்கப் பார்க்காதீர்கள். அது அவருடைய பிழைப்பு.

10. போன பிறகு

முதல் ஆறு மாதம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். நினைத்த நேரமெல்லாம் போன் எடுக்காமல், கேள்விகளைக் கொப்பியில் சேர்த்துக் கிழமைக்கு ஒரு நேரம் வையுங்கள். ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே கோடையில் காலை 10.30, குளிர்காலத்தில் 9.30. அவருக்கு வேலை இல்லாத நாளைக் கேட்டு வையுங்கள். இந்த நேரத்துக்கும் ஒரு தொகை பேசி அனுப்புங்கள். கேட்டதையும் அவர் சொன்னதையும் அன்றைக்கே அடுப்படித் தாளில் சேர்த்து, பழைய தாளைக் கழற்றிவிட்டுத் திகதி போட்ட புதுத் தாளை மாட்டுங்கள்.